நாட்டு மாட்டுக் கறியும் வாட்ஸ்அப் கொழுப்பும்

கொஞ்சம் நீளமான பதிவு. அவசரமாக இருப்பவர்கள் சேமித்து வைத்துக்கொண்டு சாவகாசமாகப் படியுங்கள். மாட்டுக்கறி என்ற சொல்லைப் பார்த்ததும் சண்டைக்கு வருபவர்களும் முழுதாகப் படித்துவிட்டு வாருங்கள்.

போன வாரம் என் போனுக்கு இரண்டு செய்திகள் வந்தன. ஒன்று பழைய மாணவர்கள் குரூப்பில் வந்தது: "நாட்டு மாட்டுக் கறியில் கெட்ட கொழுப்பே கிடையாது. மீனைவிட அதிகமாக ஒமேகா-3 உள்ளது. சுகர், பிரஷர், மாரடைப்பு மூன்றுக்கும் மருந்து." கீழே ஒரு போன் நம்பர். விலை, கடையில் விற்பதைப்போல மூன்று மடங்கு. இன்னொன்று உறவினர் குரூப்பில் வந்தது: "மாட்டுக்கறி முழுக்க முழுக்கக் கொழுப்பு. சாப்பிட்டால் புற்றுநோய் நிச்சயம்." இதன் கீழே விலை எதுவும் இல்லை, கைகூப்பும் படங்கள் மட்டும் பத்து.

இரண்டும் பொய். இரண்டிலும் ஒரு துளி உண்மையும் கலந்திருக்கிறது. அதனால்தான் இரண்டும் ஊரெல்லாம் சுற்றுகின்றன.

நான் டாக்டர் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து, முப்பத்து நான்கு வருடம் நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியலும் கணக்கும் சொல்லிக்கொடுத்தவள். சதவீதக் கணக்கு போடத் தெரியும், உணவுச் சத்துப் பட்டியலைப் படிக்கத் தெரியும். இந்தப் பதிவுக்கு அது போதும். எங்கள் வீட்டில் மாதம் இரண்டு மூன்று ஞாயிறு மாட்டுக்கறி சமைப்போம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு கமெண்டில் வந்து "டீச்சர், நீங்கள் சாப்பிடுவீர்களா?" என்று கேட்க வேண்டாம்.

நாம் இருக்கும் ஊரின் பெயரே மாட்டிலிருந்து வந்ததுதான். குரோம்பேட்டை என்ற பெயர் குரோம் லெதர் கம்பெனியால் வந்தது. போன நூற்றாண்டின் தொடக்கத்தில் சேம்பர்ஸ் என்ற வெள்ளைக்காரர் இங்கே ஆரம்பித்த தோல் தொழிற்சாலை அது. நாகல்கேணி, பம்மல் பக்கம் தோல் பதனிடும் தொட்டிகள் வந்ததும் அந்த வழியில்தான். பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமை கூடும் சந்தையும் ஒருகாலத்தில் மாட்டுச் சந்தையாக இருந்ததே. மாட்டின் தோலில் செருப்பும் பெல்ட்டும் செய்து கப்பலேற்றிய ஊரில், அதே மாட்டின் கறியைப் பற்றிப் பேசக் கூச்சப்படுவது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருவோம். முதலில் கொழுப்பு.

மாட்டுக்கறியில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. எந்த இடத்துக் கறி என்று கேட்க வேண்டும். ஓரக் கொழுப்பை வெட்டியெடுத்த தொடைக்கறி 100 கிராமில் 3 முதல் 5 கிராம் கொழுப்பு இருக்கும். அதே மாட்டின் நெஞ்சுக்கறியில் 15 கிராம், 20 கிராம்கூட இருக்கலாம். ஒரே மாடு, ஒரே கடை, இரண்டு கொழுப்பு. "மாட்டுக்கறி முழுக்கக் கொழுப்பு" என்பவர் நெஞ்சுக்கறியைப் பார்த்தார், "கொழுப்பே இல்லை" என்பவர் தொடைக்கறியைப் பார்த்தார், அவ்வளவுதான்.

இப்போது ஏழாம் வகுப்புக் கணக்கு ஒன்று போடுவோம். மாட்டுக் கொழுப்பில் ஏறக்குறைய 45 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. கிட்டத்தட்ட அதே அளவு ஒற்றை நிறைவுறாக் கொழுப்பு. அதில் பெரும்பகுதி ஒலியிக் அமிலம். கடலை எண்ணெயிலும் ஆலிவ் எண்ணெயிலும் இருக்கிறதே, அதே அமிலம்தான். 4 கிராம் கொழுப்புள்ள தொடைக்கறியில் நிறைவுற்ற கொழுப்பு 4 × 45/100, அதாவது 1.8 கிராம். 15 கிராம் நெய்யில், அதாவது பெரிய கரண்டியில் ஒன்று, நிறைவுற்ற கொழுப்பு சுமார் 9 கிராம். அதே அளவு தேங்காய் எண்ணெயில் 13 கிராம். ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுபவர் நிறைவுற்ற கொழுப்பை 22 கிராமுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பொங்கலில் நெய்யை ஊற்றிக்கொண்டே "ஐயோ, மாட்டுக்கறி கொழுப்பு" என்று சொல்பவர்களுக்காக இந்தக் கணக்கு.

இன்னொரு சங்கதி. நிறைவுற்ற கொழுப்பு எல்லாமே ஒன்றுபோல வேலை செய்வதில்லை. மாட்டுக் கொழுப்பில் இருக்கும் ஸ்டியரிக் அமிலம் கெட்ட கொலஸ்ட்ரால் என்கிறோமே, அந்த எல்டிஎல்லை ஏற்றுவதில்லை. பால்மிடிக் அமிலம் ஏற்றும். இரண்டும் ஒரே கறியில் உண்டு. அதனால் "நல்லது", "கெட்டது" என்று ஒரே வார்த்தையில் முத்திரை குத்த முடியாது. அளவைத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது, நாட்டு மாட்டுக் கொழுப்பு மட்டும் தனி ரகமா?

நம் தமிழ்நாட்டில் பேர் சொல்லும் மாட்டினங்கள் ஐந்து: காங்கேயம், உம்பளச்சேரி, புலிக்குளம், பர்கூர், ஆலம்பாடி. காங்கேயம் கொங்கு நாட்டுக் கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலங்காயும் தின்று வளர்வது. உம்பளச்சேரி திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்துச் சேற்று வயலில் உழுவது. புலிக்குளம் மதுரை, சிவகங்கைப் பக்கம் கிடை போடும் மாடு, ஜல்லிக்கட்டில் நாம் பார்ப்பது. பர்கூர் அந்தியூர் மலைக்காட்டில் மேய்வது. ஆலம்பாடி தர்மபுரி, பெண்ணாகரம் பக்கம். ஐந்தும் உழவுக்கும் வண்டிக்கும் என்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தவை. பாலுக்காகவோ கறிக்காகவோ தேர்ந்தெடுத்தவை அல்ல. காலையில் ஏரில் பூட்டி, மத்தியானம் வைக்கோல் போட்டு, சாயங்காலம் மேயவிட்ட உடம்பில் கொழுப்பு எங்கிருந்து சேரும்? ஆகவே கறி மெலிந்த கறி. இதுதான் முதல் செய்தியில் இருக்கும் உண்மைத் துளி.

ஆனால் கொழுப்பின் அளவு வேறு, கொழுப்பின் தரம் வேறு. மாடு தின்னும் புல்லில் ஒமேகா-3 குடும்பத்தைச் சேர்ந்த லினோலெனிக் அமிலம் நிறைய உண்டு. அது மாட்டின் முதல் வயிற்றுக்குப் போனதும் அங்கே குடியிருக்கும் கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள் அதில் ஹைட்ரஜனை ஏற்றிப் பெரும்பகுதியை நிறைவுற்ற கொழுப்பாக மாற்றிவிடுகின்றன. வனஸ்பதி தொழிற்சாலையில் எண்ணெயைக் கெட்டிப்படுத்துகிறார்களே, அந்த வேலையை மாடு தன் வயிற்றிலேயே செய்துகொள்கிறது. காங்கேயம் காளையின் வயிற்றிலும் இதேதான், ஜெர்சி கலப்பின் வயிற்றிலும் இதேதான். தப்பிப் போகும் மிச்சம்தான் கறிக்கு வருகிறது.

அந்த மிச்சத்தின் அளவு பெரும்பாலும் தீனியைப் பொறுத்தது. பச்சைப் புல் மேய்ந்த மாட்டின் கறியில் ஒமேகா-6, ஒமேகா-3 விகிதம் சுமாராக 2-க்கு 1 என்று இருக்கும். மக்காச்சோளம் போட்டுக் கொழுக்க வைத்த அமெரிக்க மாட்டில் 6-க்கு 1, 7-க்கு 1 என்று ஏறிவிடும். புல் தின்ற மாட்டின் கொழுப்பில் பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஈயும் கூடுதல். அதனால்தான் அந்தக் கொழுப்பு மஞ்சளாக இருக்கும். இது வெளிநாட்டில் பலமுறை அளந்து பார்த்துச் சொன்னது. அளந்தது மேய்ச்சலுக்கும் தானியத்துக்கும் உள்ள வித்தியாசத்தை. நம்மூர் விளம்பரக்காரர் அதை எடுத்து, "மேய்ச்சல்" என்ற இடத்தில் "நாட்டு மாடு" என்று எழுதிவிட்டார்.

நம்மூர் ஜி.எஸ்.டி. ரோட்டில் குப்பைத்தொட்டியைக் கிளறி, சினிமா போஸ்டரும் பிளாஸ்டிக் பையும் தின்னும் மாட்டையும் பார்க்கிறோம். அதற்கும் திமில் இருக்கலாம், நீண்ட கொம்பு இருக்கலாம். அது தின்னும் போஸ்டரில் ஒமேகா-3 இல்லை. வெறும் வைக்கோலிலும் அது ரொம்பக் குறைவு. மலைக்காட்டில் மேய்ந்த பர்கூர் மாடும் ரோட்டோரத்தில் மேய்ந்த மாடும் ஒரே பெயரில் வந்தாலும் கறி ஒன்றாகாது. ஜாதியைப் பார்க்காதீர்கள், தீனியைப் பாருங்கள். மாட்டுக்கும் அதேதான்.

அப்படியானால் இனத்துக்கு வேலையே இல்லையா? உண்டு. கொழுப்பு எங்கே சேர வேண்டும், எந்த வயதில் சேர வேண்டும் என்பதில் இனத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது. ஜப்பான்காரர்களின் வாக்யூ மாட்டில் தசை இழைகளுக்கு நடுவே கொழுப்பு கோலம் போட்டதுபோலப் படரும். சில துண்டுகளில் 40 சதவீதத்துக்கு மேலேயே கொழுப்பு. வாயில் கரையும் என்பார்கள். நம் திமில் மாடுகளில் அந்தக் கோலம் விழாது. அதோடு, வெட்டிய பிறகு தசையைத் தளர்த்தும் நொதியை அடக்கிவைக்கும் ஒரு புரதமும் திமில் மாடுகளில் கூடுதல். ஆகவே கறி கொஞ்சம் கடினம். குக்கரில் ஐந்தாறு விசில் விட்டும் ரப்பர் மாதிரி இருக்கிறது என்று புலம்புகிறோமே, சமைப்பவர் கைமேல் குற்றமில்லை.

வயதும் ஒரு காரணம். தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டம், 1958 என்று ஒன்று இருக்கிறது. அதன்படி மாட்டுக்குப் பத்து வயதுக்கு மேல் ஆகியிருக்க வேண்டும், வேலைக்கும் இனவிருத்திக்கும் தகுதியில்லாமல் போயிருக்க வேண்டும், அல்லது நிரந்தரமாக முடமாகியிருக்க வேண்டும். அப்படிச் சான்று கொடுத்தால்தான் வெட்டலாம். அதாவது நமக்குச் சட்டப்படி கிடைப்பது உழைத்து ஓய்ந்த மாட்டின் கறி. வயதான மாட்டில் இணைப்புத் திசு முறுக்கேறி இருக்கும். அதனால் நேரமெடுத்து வேகும். ஆனால் வயது ஏற ஏறத் தசையில் மயோகுளோபின் கூடும். கறியின் கருஞ்சிவப்பு நிறம் அதனால்தான். மயோகுளோபின் என்றால் இரும்புச் சத்து. பல்லுக்குக் கஷ்டம், ரத்தத்துக்கு லாபம்.

"இளம் நாட்டுக் காளைக் கறி, வீட்டுக்கே டெலிவரி" என்று விளம்பரம் வந்தால், "பத்து வயதுச் சான்று இருக்கிறதா?" என்று கேட்டுப் பாருங்கள். வெட்டி வைத்த ஒரு கிலோ கறியைப் பார்த்து இது காங்கேயம், இது கலப்பு என்று கண்ணால் சொல்லவும் முடியாது. அதற்கு மரபணுச் சோதனை வேண்டும். எருமையா மாடா என்பதை மட்டும் ஓரளவு சொல்லலாம். எருமைக் கொழுப்பு வெள்ளை வெளேரென்று இருக்கும், மாட்டுக் கொழுப்பு மஞ்சள் தட்டும். எருமை தன் தீனியிலுள்ள கரோட்டினை முழுக்க வைட்டமின் ஏ-வாக மாற்றிவிடுவதால் அப்படி. எருமைப்பால் வெள்ளையாக இருப்பதும் அதனால்தான்.

நாட்டு மாடு என்ற பெயரை வைத்து விலை ஏற்றுவது புதிதும் அல்ல. பாலில் ஏ1, ஏ2 என்று எழுதி இரட்டை விலைக்கு விற்றார்கள். 2024 ஆகஸ்ட் 21 அன்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்த எழுத்தை நீக்கச் சொல்லி உத்தரவு போட்டது. ஐந்தே நாளில், 26ஆம் தேதி, அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றது. பால் வியாபாரம் அப்படியே தொடர்கிறது. இப்போது அதே வண்டியில் கறியையும் ஏற்றப் பார்க்கிறார்கள்.

நம் மாட்டின் பெருமையைப் பேச வேண்டும் என்றால் பொய்யில்லாமலே பேசலாம். பிரேசில் நாட்டு மாட்டுக்கறி உலகமெல்லாம் போகிறது. அங்கே பெரும்பாலான கறி மாடுகள் எந்த இனம் தெரியுமா? நெலோர். நம் பழைய சென்னை மாகாணத்து நெல்லூரின் பெயர்தான் அது. கப்பலேறிப் போன ஓங்கோல் மாட்டின் வம்சம். வெயில் தாங்கும், உண்ணி தாங்கும், புல்லை மட்டும் தின்று வளரும், கொழுப்பு கம்மி. அவர்கள் அந்தக் குணங்களை அளந்தார்கள், எழுதி வைத்தார்கள், தேர்ந்தெடுத்தார்கள். நாம் இங்கே கவிதை எழுதிக்கொண்டிருக்கிறோம்.

ஒமேகா-3 பற்றியும் சொல்லி முடித்துவிடுகிறேன். நன்றாக மேய்ந்த மாட்டின் மெலிந்த கறி 100 கிராமில் ஒமேகா-3 எல்லாம் சேர்த்து 100 மில்லிகிராமைத் தொட்டாலே பெரிது. அதே 100 கிராம் மத்தி மீனில் 1000 மில்லிகிராமுக்கு மேல். ஒமேகா-3 வேண்டும் என்றால் மத்தியும் கானாங்கெளுத்தியும் வாங்குங்கள். அதற்காக மூன்று மடங்கு விலை கொடுத்து மாட்டுக்கறி வாங்குவது, பூ வாங்கப் போய் வாழைமரம் வாங்கி வந்த கதை.

அப்படியானால் மாட்டுக்கறியின் உண்மையான பலம் எது? இரும்பு, பி12, துத்தநாகம், புரதம்.

இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், என் பழைய மாணவி ஒருத்தி. இப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. ஹீமோகுளோபின் 8.4. கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. பிறந்த வீட்டில் வாரம் ஒருமுறை மாட்டுக்கறி சாப்பிட்டு வளர்ந்த பெண். அந்த இரண்டாவது செய்தியைப் படித்த புகுந்த வீட்டார் அதை நிறுத்திவிட்டார்கள். கணவன் நல்ல பையன், முதல் செய்தியைப் படித்துவிட்டு, "சாப்பிட்டால் நாட்டு மாட்டுக் கறிதான் சாப்பிட வேண்டும், விலை கட்டுப்படியாகும்போது வாங்கலாம்" என்றான். இரண்டு செய்திக்கும் நடுவில் அந்தப் பெண்ணுக்கு மூன்று மாதமாக ஒரு துண்டு கறிகூடக் கிடைக்கவில்லை. போனில் என்னிடம் கேட்டாள், "டீச்சர், கடையில விக்கிற சாதாரண கறி சாப்பிட்டா குழந்தைக்கு ஆகாதா?" இந்தப் பதிவை எழுத வைத்தது அந்தக் கேள்விதான்.

அவள் ஒருத்தி மட்டும் அல்ல. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம். படிப்பிலும் ஆஸ்பத்திரியிலும் முன்னால் நிற்கிறோம் என்று மார்தட்டும் மாநிலத்தில் இரண்டில் ஒரு பெண்ணுக்கு ரத்தம் போதவில்லை. காலை பிரேயரில் மயங்கி விழும் பெண்பிள்ளைகளைத் தூக்கி உட்காரவைத்து, சோடாவும் பிஸ்கட்டும் கொடுத்த எந்த ஆசிரியைக்கும் இந்த எண் ஆச்சரியம் தராது.

இங்கேயும் கணக்கை நேர்மையாகப் போடுவோம். வயது வந்த பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும் என்கிறது ஐ.சி.எம்.ஆர். 100 கிராம் மாட்டுக்கறியில் 2.5 மில்லிகிராம்தான். "இவ்வளவுதானா?" என்று தோன்றும். ஆனால் அந்த 29, அரிசி பருப்புச் சாப்பாட்டை வைத்துப் போட்ட கணக்கு. அதிலிருந்து உடம்பு உறிஞ்சுவது நூற்றுக்கு 8 பங்கு. அதாவது உடம்புக்கு உள்ளே போக வேண்டியது 2.3 மில்லிகிராம். கறியில் இருக்கும் இரும்பு ஹீம் வகை சேர்ந்தது. 20 சதவீதம்போல உறிஞ்சப்படும். 2.5-இல் 20 சதவீதம் 0.5. தேவை 2.3, கிடைத்தது 0.5. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். இதற்கு மேல் ஒரு லாபமும் உண்டு. கறியோடு சேர்த்துச் சாப்பிடும் கீரை, பருப்பிலுள்ள இரும்பையும் உடம்பு கூடுதலாக உறிஞ்சும். 50 கிராம் கறியும் முருங்கைக்கீரைப் பொரியலும் ஒரு எலுமிச்சைத் துண்டும் ஒரே தட்டில் இருந்தால் அது கெட்டிக்காரத்தனம். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் இரும்பு உறிஞ்சுவது குறைந்துவிடும், ஒரு மணி நேரமாவது கழித்துக் குடியுங்கள்.

பி12 தாவர உணவில் கிடையாது. பால், முட்டை, மீன், கறியில்தான் உண்டு. 100 கிராம் மாட்டுக்கறியில் ஒரு நாள் தேவையில் பெரும்பகுதி கிடைத்துவிடும். இது எல்லாமே ஆட்டுக்கறியில் பாதி விலைக்கும் குறைவாக. கூலி வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு இதைவிட மலிவாக இவ்வளவு சத்து தரும் கறி வேறு கிடையாது. இதற்கு நாட்டு மாடாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. கலப்பு மாட்டிலும் எருமையிலும் இரும்பு இருக்கிறது, பி12 இருக்கிறது.

அந்தப் பெண்ணிடம் நான் சொன்னது: டாக்டர் கொடுத்த இரும்பு மாத்திரையை ஒருநாளும் நிறுத்தாதே. 8.4-ஐ 11 ஆக்குவது மாத்திரைதான், கறி துணைக்கு. கொழுப்பில்லாத தொடைக்கறி வாங்கி நன்றாக வேகவைத்துச் சாப்பிடு. ஈரல் வேண்டாம், அதில் வைட்டமின் ஏ அளவுக்கு மீறி இருக்கும், கர்ப்ப காலத்தில் ஆகாது.

இரண்டாவது செய்தியின் உண்மைத் துளிக்கும் வருகிறேன். 2015 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் தரும் பொருள்கள் பட்டியலில் சேர்த்தது. சாசேஜ், பேக்கன் போன்றவை. சிவப்புக் கறியை "தரக்கூடும்" என்ற அடுத்த படியில் வைத்தது. அந்தச் சிவப்புக் கறியில் மாடு மட்டும் இல்லை, ஆடும் பன்றியும் உண்டு. ஆட்டுக்கால் பாயா குடித்துக்கொண்டே மாட்டுக்கறிக்கு மட்டும் இந்த அறிக்கையைக் காட்டுபவர்கள் கவனிக்கவும். வாரத்துக்கு, சமைத்த எடையில், 350 முதல் 500 கிராமுக்குள் சிவப்புக் கறியை நிறுத்திக்கொள்ளச் சொல்கிறார்கள். நம் வீடுகளில் யாரும் அந்த எல்லையைத் தொடுவதே அபூர்வம். கருகக் கருக வறுப்பதைக் குறைக்க வேண்டும். இதய நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

இன்னொரு ஆபத்து கறியில் இல்லை, கடாயில் இருக்கிறது. சாயங்காலம் தள்ளுவண்டியில் சில்லி பீஃப் போடுகிறார்களே, அந்த எண்ணெயைப் பாருங்கள். காலையில் ஊற்றியது, கறுத்துப்போய் இருக்கும். 4 கிராம் கொழுப்புள்ள கறி அந்த எண்ணெயில் முங்கி எழுந்தால் அதைவிட அதிகமாக எண்ணெயைக் குடித்துவிட்டு வரும். பிறகு நெஞ்செரிச்சல் வந்தால் மாட்டின் மேல் பழி.

கடைசியாக, நாட்டு மாட்டைக் காப்பாற்றுவது பற்றி. 2017 ஜனவரியில் மெரினாவில் நம் பிள்ளைகள் ராத்திரி பகலாக உட்கார்ந்தார்கள். நம் இனம் அழிகிறது என்றார்கள். அந்தக் கவலை நியாயமானது. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் கலப்பின, அயலின மாடுகள் 26.9 சதவீதம் கூடின, நாட்டு மாடுகள் 6 சதவீதம் குறைந்தன. டிராக்டர் வந்தது, ஏர் மாட்டுக்கு வேலை போனது. மோட்டார் வந்தது, கவலை இறைக்கும் மாட்டுக்கு வேலை போனது. வேலையில்லாத காளைக்கன்றை எந்த விவசாயி எத்தனை வருடம் தீனி போட்டு வைத்திருப்பார்?

வளர்ப்பவருக்குக் கட்டுப்படியானால்தான் இனம் நிற்கும். உழைத்து ஓய்ந்த மாட்டைச் சந்தையில் விற்றுக் கிடைக்கும் பணம், அடுத்த கன்று வாங்கும் முதலில் ஒரு பகுதி. அதே 2017 மே 23 அன்று, சந்தையில் மாட்டை வெட்டுக்கு விற்கக் கூடாது என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது. மே 30 அன்று உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அதற்கு இடைக்காலத் தடை கொடுத்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுக்க நீட்டித்தது. ஜனவரியில் நாட்டு மாட்டுக்காகத் தொண்டை கிழியக் கத்திய நம்மில் எத்தனை பேர் மே மாதம் அந்த விவசாயிக்காகப் பேசினோம்? "விற்க மாட்டேன், சாகும்வரை கட்டிவைத்துச் சோறு போடுவேன்" என்று சொல்லும் விவசாயியும் உண்டு. அவரைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் அது அவர் விருப்பமாக இருக்க வேண்டும், அவர்மேல் நாம் ஏற்றும் பாரமாக இருக்கக் கூடாது.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. மத்தியானம் டிபன் பாக்ஸை மூடியால் மறைத்துச் சாப்பிடும் பிள்ளைகளை நான் வருடா வருடம் பார்த்திருக்கிறேன். பக்கத்துப் பிள்ளை மூக்கைப் பொத்திக்கொள்ளும். சில ஆசிரியர்களும் முகம் சுளிப்பார்கள். 1989-இல் சத்துணவில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை வந்தது. இன்று முட்டை இல்லாத சத்துணவை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. உணவைச் சத்தாகப் பார்க்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். அறிவியல் பாடத்தில் இரும்புச் சத்துக்கு உதாரணம் சொல்லும்போது பேரீச்சம்பழம், கீரையோடு மாட்டுக்கறி, ஈரல் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட உணவுச் சத்துப் பட்டியலில் மாட்டுக்கறியும் இருக்கிறது. அரசாங்கப் பட்டியலில் இருப்பதை வகுப்பில் சொல்ல எதற்குப் பயம்? அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் பின்பெஞ்சில் ஒரு பிள்ளை நிமிர்ந்து உட்காரும். நான் பார்த்திருக்கிறேன்.

சாப்பிடாதவர்கள் சாப்பிட வேண்டாம். அவர்களுக்கு முட்டை, பால், பருப்பு, கீரை, தேவைப்பட்டால் மாத்திரை இருக்கிறது. சாப்பிடுகிறவர்கள் ஓரக் கொழுப்பை வெட்டச் சொல்லி, சுத்தமான கடையில், நியாய விலைக்கு வாங்குங்கள். நன்றாக வேகவிடுங்கள். வாரம் ஒருமுறை போதும். "நாட்டு மாடு" என்று சொல்லி மூன்று மடங்கு கேட்டால், எங்கே மேய்ந்தது, என்ன தின்றது, என்ன வயது என்ற மூன்று கேள்வி கேளுங்கள். பதில் இல்லையென்றால் பையை மடித்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

உங்கள் வீட்டுப் பெண்களின் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாதென்றால் இந்த வாரமே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போய்ப் பாருங்கள். கமெண்டில் கேள்வி கேட்பவர்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். திட்ட வருபவர்கள் எழுத்துப்பிழை இல்லாமல் திட்டவும், திருத்தும் பழக்கம் இன்னும் போகவில்லை.